இடஞ்சுழி மண்டலமும் இரண்டு மீசைகளும்

வானம் காட்டும் வண்டி அடுத்த வாரம் உங்கள் கைக்கு வருகிறது என்று சொன்னார்கள். தொலைநோக்கியை எப்படி இறக்குவது, கண்ணாடியை எப்படி நேராக்குவது, மழை வந்தால் எதை முதலில் மூடுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. வானம் காட்டுவது என் வேலையாக இருந்த காலமெல்லாம், என்னைக் கஷ்டப்படுத்தியது கண்ணாடியோ மழையோ அல்ல. மனிதர்களின் மரியாதைதான்.

நான் சேர்ந்த முதல் வாரம், பாப்பாரப்பட்டியில் ஒரு பள்ளி மைதானம். எங்கள் குழுவின் மூத்தவர் என்னைத் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "சனி கிரகம் வெச்சிருக்கேன், வரிசையா அனுப்பு" என்றார். நான் ஒவ்வொருவரிடமும், "தெரியுதுங்களா?" என்று கேட்டேன். "ஓ, நல்லாத் தெரியுதுங்க." "வளையம் சூப்பருங்க." "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதுங்க." வரிசை முடிந்ததும் மூத்தவர் வந்து, தொலைநோக்கியின் வாயில் இருந்த மூடியைக் கழற்றிக் காட்டினார். அவரே மாட்டி வைத்திருந்த மூடி அது. "நம்ம சனங்க ரொம்ப நல்லவங்க. நீ வருத்தப்படக் கூடாதுன்னு இல்லாத வளையத்தையும் பாப்பாங்க. இனிமே 'தெரியுதா'ன்னு கேக்காதே. 'என்ன தெரியுது'ன்னு கேளு."

அவர் பெயரைச் சொன்னால் கோபப்படுவார், எனவே விட்டுவிடுகிறேன். அந்த ஒரு வரிதான் நம் தொழிலுக்கு அடிப்படை. அந்த வரியை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கு உண்மையாகப் புரிய வைத்தது அவர் அல்ல. கடத்தூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர் ஒருவர். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தை அமாவாசைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. எங்கள் ஓட்டுநர் மாதேஷ் இதை வியாழன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லுவான். நம்பாதீர்கள். வியாழன் அமாவாசை; அன்று வண்டி பென்னாகரத்தில் இருந்தது. நாள் கிழமையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். கருநீலப் பின்னணியில் ஒரு பட்டைச் சுருள் விண்மீன் மண்டலம். நடுவில் உருட்டுக்கட்டை போல ஒளிப்பட்டை, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கை கிளம்பி வளைந்து சுருண்டு போகும். நாம் குடியிருக்கும் பால்வீதியும் இந்த ரகம்தான். ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டின் முகப்பைப் பார்க்க முடியாதல்லவா, அதனால் அடுத்த வீட்டைக் காட்டுகிறோம். இந்த அடுத்த வீடு ஐந்து கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் முன்னிரவில் தெற்கே பாதி உயரத்தில் வந்து நிற்கும். உலை என்று பேர் வைத்த விண்மீன் கூட்டத்தில் அது இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு நட்சத்திரம்கூட உருப்படியாகக் கிடையாது.

அன்று மாலை கடத்தூர்ப் பள்ளிக்கு எதிரே இருந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். நான் உள்ளே டீ சொல்லப் போனேன். அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்துவிட்டது.

தரகர் பெரியண்ணன் சைக்கிளிலிருந்து இறங்கியிருக்கிறார். தோளில் பச்சைத் துண்டு. இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கிய மீசை. அந்த வட்டாரத்துச் சந்தைகளில் அவர் வருவதற்கு முன் அந்த மீசை வரும் என்பார்கள். வண்டியைச் சுற்றி வந்து படத்தைப் பார்த்திருக்கிறார்.

"இது என்னாப்பா, ஜிலேபியா?"

"கேலக்ஸிங்ண்ணா" என்றான் மாதேஷ். "ராத்திரி மைதானத்துல காமிக்கறோம், வாங்க."

"வானத்துலயா? இதே மாதிரியா?"

மாதேஷ் சொல்லியிருக்கக் கூடாத ஒரு சொல்லைச் சொன்னான். "இதே மாதிரிதாங்ண்ணா. அச்சு அசலா."

"ஏம்பா, மாட்டுப் பல்லப் புடிச்சுப் பாக்காம நான் வயசே சொல்ல மாட்டேன். நீ வானத்துல ஜிலேபி இருக்குதுங்கற. பந்தயம் வெச்சுக்கலாமா? இந்த வண்டில இருக்கறதை இதே மாதிரி மேல காமிச்சிட்டன்னா, என் மீசைய எடுத்துக்க. காமிக்கலைன்னா உன்து போச்சு."

மாதேஷுக்கும் நல்ல மீசைதான். கூட்டம் சேர்ந்துவிட்டது. அவன் வாலிபன். பெரியண்ணன் துண்டை நீட்டினார். சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், வெளியே யாருக்கும் தெரியாது. துண்டுக்குள் பிடித்த விரல் பிடித்ததுதான்; அதற்குப் பின் பேச்சு மாறினால் அந்த ஆளோடு யாரும் மாடு கன்று பேச மாட்டார்கள். மாதேஷ் விரலைக் கொடுத்துவிட்டான். நான் இரண்டு கையிலும் டீயோடு வந்து நின்றபோது, "நடுவர் யாருன்னா, நம்ம சார்தான்" என்று பெரியண்ணன் என்னைக் காட்டினார்.

கூட்டம் கலைந்ததும் மாதேஷ் என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"சார், ஞாயித்துக்கிழமை எனக்கு நிச்சயம் சார்."

"தெரியும். எனக்கும் பத்திரிகை வெச்சியே."

"அந்தப் பொண்ணு ரம்யா ஒரே ஒரு வார்த்தைதான் சார் சொல்லுச்சு, போட்டோவைப் பாத்துட்டு. 'மீசை நல்லாருக்கு'ன்னு. அதை வெச்சுத்தான் அவங்க வூட்ல பேச்சே ஆரம்பிச்சாங்க."

"அப்புறம் எதுக்குடா அச்சு அசலான்னு சொன்னே? தொலைநோக்கில என்ன தெரியும்னு உனக்குத் தெரியாதா?"

அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் படம் பெரிய ஆய்வுக்கூடக் கருவி நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தது. நீலமும் ரோஜா நிறமுமாக மின்னும். நம் தொலைநோக்கியில் தெரிவது நிறமில்லாத ஒரு சாம்பல் கறை. பொறுமையுள்ளவனுக்குப் பட்டை தெரியும். மகா பொறுமையுள்ளவனுக்கு ஒரு கையோ இரண்டு கையோ வளைவது தெரியும். பந்தயத்தில் மீசையைத் தோற்கப்போகும் ஆள் மகா பொறுமையோடு பார்ப்பானா? "ஒண்ணும் தெரியல" என்று எழுந்து விட்டால் போதுமே. நம் தொழிலில் எல்லோரும் மரியாதைக்காகத் தெரிகிறது என்பார்கள். முதல் தடவையாகத் தெரியவில்லை என்று சொல்ல ஒருவருக்குக் காரணம் கிடைத்திருந்தது.

இருட்டியது. தொலைநோக்கியை நிறுத்தினோம். பிறை மறைந்தது. வானம் மை பூசினாற்போல இறங்கி வந்த நேரத்தில், மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பளீரென்று கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம் எரிந்தது. சாமந்தித் தோட்டம். வரிசை வரிசையாகக் கம்பி கட்டி பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். தெற்கு வானம் மோர் தெளித்த மாதிரி வெளுத்துப் போனது. தோட்டம் யாருடையது என்று கேட்டால், பெரியண்ணனுடையது.

"சார், சதி சார்" என்றான் மாதேஷ்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சத்தை அணைக்கச் சொல்வது நம் தொழிலின் அன்றாடப் பிச்சை. கோயில் விளக்கு, பெட்ரோல் பங்க், தொப்பூர்ப் பக்கம் போனால் மலையிறக்கத்தில் வரும் லாரிகளின் கண்கள். புதிதாக வருகிறவர்கள் உடனே வானத்தின் அருமையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். பேசாதீர்கள். அந்த விளக்கு எதற்காக எரிகிறது என்று முதலில் கேளுங்கள்.

கேட்டேன். பெரியண்ணன் வரப்பில் நின்றபடியே சொன்னார்.

"சாமந்திக்கு ராத்திரி நீளமாப் போச்சுன்னா, காலம் வந்துடுச்சுன்னு நெனச்சு இப்பவே மொட்டு வெச்சுடும்ங்க சார். நமக்குச் சித்திரை முகூர்த்தத்துக்கு வேணும். அதான் லைட்டப் போட்டு ராத்திரிய உடைக்கறது."

"ராத்திரிய எந்த எடத்துல உடைக்கணும்?"

"எங்க உடைச்சா என்னாங்க. நடுச்சாமத்துல உடைச்சா இன்னும் விசேஷம்னுதான் சொல்றாங்க. எந்திரிச்சு வந்து போடறதுக்கு நமக்குத்தான் சடவு. சாயந்திரமே தட்டி வுட்டுடறது."

"அப்படின்னா ஒம்பது மணிக்கு மேல உடைச்சுக்கலாமே?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டு என்னையும் மாதேஷையும் பார்த்தார். "அதுவும் சரிதான். நாளைக்குத் தோத்துட்டு, லைட்டுனாலதான் தெரியலைன்னு எவனும் நாயம் பேசக் கூடாது பாருங்க." மோட்டார் கொட்டகைக்குப் போய் சுவிட்சைத் தட்டினார். இருட்டு திரும்பி வந்தது. மைதானமே "ஓ" என்று கத்தியது. தன் மீசைக்கு எதிராகவே தெற்கு வானத்தைத் திறந்துவிட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மண்டலத்தைப் பிடிக்கக் கயிறு வேண்டும். ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குத் தெற்கே வெண்ணீலமாக மின்னுவது ரைகல். தென்மேற்கே தொடுவானத்துக்குச் சற்று மேலே தனியாக நிற்பது அகெர்னார். கையை நீட்டி, இந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அந்தக் கயிற்றைப் பாதியாக மடித்தால் வரும் இடத்திலிருந்து கொஞ்சம் மேற்கே. அங்கே ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குத்தான் குழாயைத் திருப்ப வேண்டும். மாதேஷ் அன்று கயிற்றை இரண்டு தடவை தப்பாக மடித்தான். நான் கண்ணை வைத்தேன். இருந்தது. சாம்பல் கறை, நடுவில் ஒரு முடிச்சு, குறுக்கே பட்டை. மூச்சு விடாமல் பார்த்தால் கைகளும்.

வரிசை ஆரம்பித்தது. நான் கேள்வியை மாற்றவில்லை. "என்ன தெரியுதுங்க?"

"பஞ்சு மாதிரி."

மாதேஷ் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஊதுபத்திப் பொகை."

மறுபடியும் தொட்டான்.

"கண்ணாடில மூச்சு வுட்டாப்ல இருக்குதுங்க" என்றார் கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் குமார். பிறகு மாதேஷின் முகத்தை ஒரு தொழில்காரரின் பார்வையோடு பார்த்துவிட்டு, "சார், நான் வேணா கடைக்குப் போயி சாமான எடுத்துட்டு வந்துடட்டுங்களா?" என்று கேட்டார். வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பெரியண்ணன் கடைசியில் வந்தார். அதற்குள் இருட்டில் நெடுநேரம் நின்று அவர் கண் நன்றாகப் பழகியிருந்தது. அது நமக்கு நல்லது. குனிந்து பார்த்தார்.

"ஒரு எழவும் இல்லீங்களே."

உண்மையைச் சொல்கிறாரா, மீசையைக் காப்பாற்றுகிறாரா? நடுவராக இருப்பவன் கெஞ்சக் கூடாது. ஆனால் பார்க்கும் முறையைச் சொல்லலாம் அல்லவா? மங்கலான பொருளை நேராக முறைத்தால் மறைந்துவிடும், சற்று ஒதுக்கிப் பார்த்தால் தெரியும். அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மாதேஷ் முந்திக்கொண்டான்.

"அண்ணா, நேரா மொறைக்காதீங்க. பொண்ணு பாக்கப் போனா எப்படிப் பாப்பீங்க? பொண்ணு காப்பி கொண்டாரும்போது நீங்க டம்ளரத்தான பாப்பீங்க? ஆனா பொண்ணு தெரியுமில்ல? அந்த மாதிரி ஓரக்கண்ணுல பாருங்க."

"உனக்கு அனுபவம் புதுசு, சொல்ற" என்று சிரித்தார் பெரியண்ணன். ஆனால் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலையோடு போட்டுக்கொண்டார். நாலா பக்கமும் வெளிச்சம் அடைபட்டது. நம்மில் அனுபவசாலிகள் கறுப்புத் துணியில் செய்வதை அவர் பச்சைத் துண்டில் செய்தார். வானம் நகர்வதற்கு ஈடாக நான் குழாயை மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தேன். மாதேஷ் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

துண்டு பேசியது. "ஒரு தடி கெடக்குது."

வரிசையில் இருந்தவர்கள் கிட்டே நெருங்கி வந்தார்கள்.

"குறுக்கால கெடக்குது. நடுவுல பொட்டாட்டம் ஒண்ணு... இருங்க, இருங்க. முனைல ஒரு கை கிளம்புது. வளையுது. அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கற மாதிரி இருக்குது, இருந்து இருந்து மறையுது..."

மாதேஷ் கண்ணைத் திறந்தான். ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பிய ஒளி, கடத்தூரில் ஒரு பச்சைத் துண்டுக்குள் போய், சரியான ஆளைப் பிடித்துவிட்டது.

துண்டை உதறிக்கொண்டு பெரியண்ணன் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் அவரைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவர் மைதானம் அதிரக் கத்தினார்.

"நான் ஜெயிச்சுட்டேன்! சுழி தப்பு!"

மாடு வாங்குகிறவர்கள் நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தச் சுழி எங்கே, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதில்தான் பேரமே நிற்கும். பெரியண்ணன் விடியற்காலை மங்கலில், சந்தை கூடும் முன்பே, நூறு மாட்டைச் சுழி பார்த்துவிடுகிற ஆள். எல்லோரும் வண்டியை நோக்கி ஓடினார்கள். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை நான் படத்தின் மீது அடித்தேன்.

"வண்டில இருக்கறது வலஞ்சுழி. மேல கெடக்கறது இடஞ்சுழி. இதே மாதிரின்னுதான பேச்சு? எங்க இதே மாதிரி?"

"அண்ணா, டெலஸ்கோப்புல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்" என்றான் மாதேஷ் அவசரமாக. நாங்கள் எல்லோரும் சொல்லும் பதில் அது.

பெரியண்ணன் டீக்கடைக்காரரிடம் கையை நீட்டினார். ஒரு முறுக்கு வந்தது. அதை வண்டியின் மேல் வைத்தார். தலைகீழாகத் திருப்பினார். பக்கவாட்டில் திருப்பினார். "சுழி மாறுச்சா?" மாறவில்லை. பிறகு முறுக்கைக் கவிழ்த்துப் போட்டார். "இப்பத்தான் மாறும். உங்க ஸ்டிக்கர்காரன் ஜிலேபியக் கவுத்துப் போட்டு ஒட்டிட்டான்." முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. நம் தொலைநோக்கியில் இரண்டு கண்ணாடிகள். ஒன்று புரட்டுவதை மற்றது சரிசெய்துவிடும். மிஞ்சுவது தலைகீழ் மட்டும்தான். ஸ்டிக்கர் ஒட்டிய கடைக்காரர், கதவுக் கைப்பிடி சுருளின் ஒரு கையில் இடிக்கிறதென்று கணினியில் படத்தை இடம் வலமாகப் புரட்டியிருக்கிறார். வேறு எந்தத் தொழில்காரராக இருந்தாலும் ஒட்டும்போதே கண்டுபிடித்திருப்பார். நாங்கள் வானம் காட்டுகிறவர்கள். எது மாறித் தெரிந்தாலும், "தொலைநோக்கியில் அப்படித்தான்" என்று சொல்லிப் பழகிய கும்பல். எங்கள் குழு மொத்தமும் நின்று பார்த்து, தலையாட்டி, ஒப்புக்கொண்ட படம் அது. பார்த்த அன்றிலிருந்து ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இப்போது மைதானம் இரண்டாகப் பிரிந்தது. "சுழி மாறுனா அது வேற மாடு! மாதேசு மீசைய எடு!" என்று ஒரு பாதி. "சுழி தப்புன்னு சொல்லணும்னா மொதல்ல பாத்திருக்கணுமில்ல? பாத்துட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு, அவரு மீசைய எடு!" என்று மறு பாதி. ரம்யாவிடமிருந்து மாதேஷுக்குப் போன் வேறு வந்துகொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் நினைத்தது இதுதான். மாதேஷை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனால், அவன் "அச்சு அசலா" என்று சொன்னது தப்பு. படத்தைக் காட்டி வானத்தை விற்றால், வானத்தைப் பார்த்தவன் ஏமாந்ததாகத்தான் நினைப்பான். அந்தத் தப்புக்கு விலை உண்டு. பெரியண்ணன் பக்கம், அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் மீசையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். "ஒண்ணுமே தெரியல" போதும். அதைச் சொல்லாத மனிதருக்கு முழுத் தண்டனை கொடுத்தால், அடுத்த ஊரில் எவரும் நம்மிடம் உண்மை சொல்ல மாட்டார்கள்.

"தீர்ப்பு துண்டுக்குள்ளதாங்க" என்றேன்.

கூட்டம் விசில் அடித்தது. பெரியண்ணன் துண்டை விரித்தார். என் வலது கையை அவரும் இடது கையை மாதேஷும் பிடித்துக்கொண்டார்கள். தரகர்களின் விரல் கணக்கு எனக்குத் தெரியாது. இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலை நீட்டி, நடுவில் பாதியாக மடக்கினேன். பாதி என்று சொல்ல எந்த மொழி வேண்டும்?

பெரியண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார், சிரித்துச் சிரித்து. "சார், நீங்க தரகுக்கு வந்திருக்கணும் சார்! எனக்கு வலம், அவனுக்கு இடம்!"

குமார் உண்மையிலேயே சாமானோடு வந்து நின்றார். வெளிச்சம் வேண்டுமென்றார். மணி ஒன்பதாகியிருந்தது. பெரியண்ணனே போய்த் தட்டினார். சாமந்தித் தோட்டம் முழுக்கப் பளீரென்று எரிய, வரப்பில் இரண்டு பேர் ஆளுக்கொரு பாதி மீசையை இழந்தார்கள். முடிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு வலது பக்கம் வெறுமை, அவனுக்கு இடது பக்கம். நடுவில் ஒரு கண்ணாடி வைத்த மாதிரி. எங்கள் வண்டிப் படமும் வானமும் போல.

போன் மறுபடியும் அடித்தது. வீடியோ. பெரியண்ணன் பிடுங்கி எடுத்துவிட்டார். "இந்தாம்மா, உன் மாப்பிள்ளையப் பாரு. பாதி இருக்குது."

மாதேஷ் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னான்: ஜிலேபி, துண்டு, சாமந்தி, முறுக்கு. சொல்லி முடித்ததும் ரம்யா கேட்டாள். "அந்தண்ணன் பாத்தாராங்க, நெசமா?"

"பாத்தாருங்க."

"அப்ப மிச்சத்தையும் எடுத்துட்டு வாங்க. பாதியோட வந்தா எங்கப்பா மயங்கி வுழுந்துருவாரு. அவருகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா அந்தக் கேலக்ஸிய எனக்கும் காமிக்கணும்."

ஞாயிறன்று பாப்பாரப்பட்டியில், ரம்யா வீட்டில் நிச்சயம் நடந்தது. மழுமழுவென்று இரண்டு பேர் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியண்ணன் தட்டுத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு ஆளாகவே வந்துவிட்டார். ரம்யாவின் அப்பா மாதேஷைப் பார்த்துவிட்டு, போட்டோவைப் பார்த்துவிட்டு, மகளைப் பார்த்தார். மகள் அவர் காதில் ஏதோ சொன்னாள். "சுழி பாக்கறவரே பாத்துட்டாரா, அப்ப சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்ந்ததும், வீட்டுக்குப் பின்னாலிருந்த களத்தில் தொலைநோக்கியை நிறுத்தினோம். கயிற்றை மாதேஷ்தான் மடித்தான். ஒரே மடிப்பில் சரியாக வந்தது. ரம்யா பட்டுப்புடவையோடு குனிந்தாள். பெரியண்ணன் துண்டைப் போர்த்திவிட்டார். மாதேஷ், "தெரியுதா?" என்று வாயெடுத்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

நெடுநேரம் பார்த்தாள். எழுந்தாள். வண்டியருகே போய்ப் படத்தைப் பார்த்தாள். விரலால் காற்றில் சுழித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு திரும்பி மாதேஷின் வெறும் உதட்டைப் பார்த்தாள்.

"ரெண்டுமே சரியில்லீங்க" என்றாள்.

மீசை சித்திரைக்குள் வளர்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெரியண்ணன் தோட்டத்துச் சாமந்திதான். படத்தை மட்டும் நாங்கள் திருத்தவில்லை. ஸ்டிக்கர் கடைக்காரர் இலவசமாகவே மாற்றித் தருவதாகச் சொன்னார், மூத்தவர் வேண்டாம் என்றுவிட்டார். நீங்களும் மாற்றாதீர்கள். வரிசையில் வந்து "சூப்பருங்க" என்று சொல்லிப் போகிறவர்களை வணங்கி அனுப்புங்கள். என்றாவது ஒருவர் தொலைநோக்கியிலிருந்து எழுந்து நேராக வண்டிக்குப் போய், "யோவ், படத்தைக் கவுத்து ஒட்டிருக்கீங்க" என்று உங்களைத் திட்டினால், அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். முறுக்கும் டீயும் வாங்கிக் கொடுங்கள். அவர் பார்த்துவிட்டார்.